கணினி கேள்வி பதில்: பழைய மெஷின்ல ரெண்டாவது ஓஎஸ்

போன இதழ்ல பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸும் (அதுவும் விண்டோஸ் மாதிரி ஒரு ஓஎஸ், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம்; மின்ட், உபுண்டு எல்லாம் அதோட வகைகள், டிஸ்ட்ரோன்னு சொல்வாங்க) போட்டு ஓட்டலாம்னு ரெண்டு வரிதான் எழுதினேன், மெயில்பாக்ஸ் நிரம்பிடுச்சு. காரணம் தெரிஞ்சதுதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது, 11 போடலாம்னு பாத்தா டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் இருக்கா, ப்ராசஸர் லிஸ்ட்ல இருக்கான்னு ஆயிரம் கேள்வி கேக்குது, நல்லா ஓடுற மெஷினை தூக்கிப்போட யாருக்கும் மனசு வரல. சரி, வந்த கடிதங்களை எல்லாம் ஒண்ணா வெச்சுப் படிச்சா ஒரு விஷயம் தெளிவா தெரியுது. முக்காவாசிப் பேர் புதுசா போடப்போற ஓஎஸ்ஸைப் பத்தி நிறைய படிச்சிருக்காங்க, ஏற்கனவே உள்ள இருக்கிற விண்டோஸ் எந்த முறைல பூட் ஆகுது, அதாவது ஆன் பண்ணதும் எப்படி எழும்புது, டிஸ்க் எப்படிப் பார்ட்டிஷன் பார்ட்டிஷனா, அதாவது தனித்தனிப் பகுதியா, பிரிஞ்சிருக்குன்னு பாக்கவே இல்ல. கீழ இருக்கிற சிக்கல்ல பாதி அங்கதான் ஆரம்பிக்குது.

கேள்வி: சார், 2011-ல வாங்கின லேப்டாப். வரும்போது விண்டோஸ் 7, அப்புறம் 10-க்கு மாத்தினேன். லினக்ஸ் மின்ட் போடலாம்னு சி டிரைவை சுருக்கி 60 ஜிபி காலியா எடுத்து வெச்சேன். ஆனா இன்ஸ்டாலர்ல அந்த 60 ஜிபி 'அன்யூசபிள்'னு வருது, பிளஸ் பட்டனை அமுக்கினா ஒண்ணும் நடக்கல. விண்டோஸ்லயே பார்ட்டிஷன் போட்டுடலாம்னு போனா, டிஸ்க்கை டைனமிக்கா மாத்தவான்னு கேக்குது, பயந்து போய் நோ குடுத்துட்டேன். டிஸ்க் போயிடுச்சா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல சார், அந்த நோ குடுத்தீங்களே, அதுதான் உங்களைக் காப்பாத்திருக்கு. டைனமிக்ங்கிறது விண்டோஸோட தனி ஏற்பாடு, எஸ் குடுத்திருந்தா லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த டிஸ்க்கைப் பாத்து முழிக்கும், திரும்ப பேசிக்ங்கிற சாதாரண முறைக்கு மாத்தணும்னா டிஸ்க்கைக் காலி பண்ணாம விண்டோஸே விடாது.

நடந்தது என்னன்னா, உங்க டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய பார்ட்டிஷன் முறைல இருக்கு. 1983-ல டாஸ் 2.0 காலத்துல வந்த ஏற்பாடு அது. டிஸ்க்கோட முதல் 512 பைட்டுல 446 பைட்டு பூட் கோடுக்கு, 2 பைட்டு கடைசில அடையாளத்துக்கு, நடுவுல மிச்சம் 64 பைட்டுதான் பார்ட்டிஷன் விவரத்துக்கு. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட்டு வேணும், அப்போ நாலுக்கு மேல எழுத இடமே கிடையாது. காலி இடம் 60 ஜிபி இருந்தாலும் 600 ஜிபி இருந்தாலும், இப்படி நேரா எழுதுற பார்ட்டிஷன், அதாவது ப்ரைமரி, நாலு ஆயிடுச்சுன்னா அஞ்சாவதை எழுத வழியில்லை, அதைத்தான் இன்ஸ்டாலர் 'அன்யூசபிள்'ங்குது.

நாலு எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க, நீங்க போட்டது சி ஒண்ணுதானே. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்க. முதல்ல 100 எம்பி 'சிஸ்டம் ரிசர்வ்டு'ன்னு ஒண்ணு, அப்புறம் சி, அதுக்குப் பின்னாடி 10-க்கு மாத்தினப்போ அதுவா வெட்டிக்கிட்ட ஒரு 450 எம்பி சுத்து ரெக்கவரி, கடைசில லேப்டாப் கம்பெனிக்காரன் வெச்ச பத்து பதினஞ்சு ஜிபி ஃபேக்டரி ரெக்கவரி. உங்க வகை மெஷின்ல பொதுவா இந்த நாலுதான் இருக்கும்.

இதுல எதை எடுக்கிறது? என் கணிப்புல கடைசி ஆளைத்தான். அவன் உள்ள இருக்கிறது விண்டோஸ் 7, அதுக்கு சப்போர்ட் 2020 ஜனவரி 14-லயே போயாச்சு, அதைத் திரும்பக் கொண்டுவந்து என்ன பண்ணப்போறீங்க. ஆனாலும் அழிக்கிறதுக்கு முன்னாடி வெளி ஹார்டு டிஸ்க்ல முழுசா ஒரு இமேஜ், அதாவது டிஸ்க்கோட அப்படியே ஒரு நகல், எடுத்து வெச்சுக்கோங்க, உங்க சொந்த ஃபைலுக்குத் தனியா ஒரு காப்பி. கம்பெனி பார்ட்டிஷனை விண்டோஸ்ல ரைட் கிளிக் பண்ணா பல சமயம் டெலிட்டே காட்டாது, அதனால மின்ட் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஜிபார்ட்டெட்ங்கிற பார்ட்டிஷன் டூல்ல போய் அழிங்க. எடுத்ததும் நாலு மூணாயிடும். இப்போ இன்ஸ்டாலர்ல அந்த 60 ஜிபியைத் தொட்டு பிளஸ் அமுக்கி, வகை கேக்கிற இடத்துல ப்ரைமரி குடுக்காம லாஜிக்கல் குடுங்க, லாஜிக்கல் உள்ள அடங்குற எக்ஸ்டெண்டெட்ங்கிற வெளிப் பார்ட்டிஷனை அதுவே சுத்தி போட்டுக்கும். ஹார்டு டிஸ்க்குக்கு லினக்ஸ் பெரும்பாலும் வைக்கிற பேரு எஸ்டிஏ, லாஜிக்கலோட நம்பர் எஸ்டிஏ5-ல இருந்து ஆரம்பிக்கும், மூணுக்கு அப்புறம் அஞ்சு வருதேன்னு குழம்பாதீங்க, 1-ல இருந்து 4 வரைக்கும் ப்ரைமரிக்கு ஒதுக்கினது. லினக்ஸுக்கு லாஜிக்கல்ல இருந்து ஓடுறதுல ஒரு கஷ்டமும் கிடையாது. அழிச்ச இடம் கடைசில தனியா தொங்கும், நடுவுல அந்த குட்டி ரெக்கவரி நிக்கும், அதை நகத்தி இதை ஒட்டி அழகு பார்க்கலாம்னு மட்டும் இறங்காதீங்க, பழைய டிஸ்க்ல பார்ட்டிஷனை நகத்துறது மணிக்கணக்கு வேலை, நடுவுல கரன்ட் போச்சுன்னா அவ்வளவுதான்.

எம்பிஆரை ஜிபிடிங்கிற புது பார்ட்டிஷன் முறைக்கு மாத்திட்டா இந்த நாலு கணக்கே இல்லையேன்னு ஒருத்தர் கண்டிப்பா உங்ககிட்ட சொல்வார். வாஸ்தவம்தான், ஆனா ஆன் பண்ணதும் ஓஎஸ்ஸை எழுப்புற உள் சாஃப்ட்வேர் பழைய பயாஸ் முறைல இருக்கிற மெஷின்ல ஜிபிடி டிஸ்க்ல இருந்து விண்டோஸ் பூட் ஆகாது. உங்களுக்கு அது வேண்டாம்.

கேள்வி: அண்ணா, உபுண்டு பென்டிரைவ்ல இருந்து சூப்பரா ஓடுச்சு, வைஃபை கூட வந்துச்சு. இன்ஸ்டாலும் ஒரு எரர் இல்லாம முடிஞ்சுது. பென்டிரைவை உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணா நேரா விண்டோஸ்தான் வருது, மெனுவே காட்டல. அழிச்சிட்டு மறுபடி போட்டேன், அதே கதை. 2012 மாடல் லேப்டாப்.
— இன்ஜினியரிங் மாணவி

பதில்: இன்னொரு தடவை அப்படியே போடாதீங்கம்மா, அதே மாதிரி போட்டா அதேதான் வரும். 2012 சுத்தி வந்த மெஷின்ல ஒரு விசேஷம் இருக்கு, பழைய பயாஸ் முறையும் புது யூஈஎஃப்ஐ முறையும் ரெண்டுமே உள்ள இருக்கும். விண்டோஸ் ஒரு முறைல இருந்து, உபுண்டுவை இன்னொரு முறைல போட்டுட்டீங்கன்னா ரெண்டும் டிஸ்க்ல பத்திரமா இருக்கும், ஆனா ஒண்ணுக்கு இன்னொண்ணு இருக்கிறதே தெரியாது.

முதல்ல விண்டோஸ்ல விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அமுக்கி எம்எஸ்இன்ஃபோ32-ன்னு டைப் பண்ணுங்க. வர்ற ஜன்னல்ல 'பயாஸ் மோட்'னு ஒரு வரி இருக்கும், லெகஸியா (அதாவது பழைய பயாஸ் முறை) யூஈஎஃப்ஐயான்னு அங்கேயே போட்டிருக்கும். அடுத்து பென்டிரைவ்ல உபுண்டுவைத் திறந்து, ஃபைல் மேனேஜர்ல சிஸ்டம் ரூட்டுக்குப் போய், 'சிஸ்'ங்கிற ஃபோல்டர், அதுக்குள்ள 'ஃபர்ம்வேர்', அதுக்குள்ள 'ஈஎஃப்ஐ'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. இருந்தா பென்டிரைவ் யூஈஎஃப்ஐல எழுந்திருக்கு, இல்லன்னா லெகஸில எழுந்திருக்கு. ரெண்டும் ஒத்துப்போகலன்னா திருடன் பிடிபட்டான்.

ஒத்துப்போக வைக்கிறது எப்படின்னா, ஆன் பண்ணும்போது பூட் மெனு வரவழைப்பீங்கல்ல, அதுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவை இருக்கும், ஒண்ணுக்கு முன்னாடி யூஈஎஃப்ஐன்னு போட்டு, இன்னொண்ணு வெறும் பேரோட. விண்டோஸ் லெகஸின்னா வெறும் பேரு இருக்கிறதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் பண்ணுங்க. வெறும் பேரு வரவே இல்லையா, அப்போ பென்டிரைவ் எழுதினப்போ ரூஃபஸ்ங்கிற டூல்ல பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடின்னு விட்டிருப்பீங்க, அதை எம்பிஆர்னு மாத்தி மறுபடி எழுதுங்க, அது ரெண்டு முறைலயும் எழும்.

ரெண்டுமே யூஈஎஃப்ஐதான், ஆனாலும் விண்டோஸ்தான் வருதுன்னா கதை வேற. அப்போ பயாஸ் செட்டிங்ஸ்ல பூட் ஆர்டர்ல போய் 'உபுண்டு'ங்கிற பேரை 'விண்டோஸ் பூட் மேனேஜர்'க்கு மேல ஏத்தினா போதும், மறுபடி இன்ஸ்டால் பண்ணத் தேவையே இல்ல.

கேள்வி: எனக்கு உல்டாவா இருக்கு. பென்டிரைவ் சொருகியிருந்தா லினக்ஸ், விண்டோஸ் ரெண்டும் மெனுல வருது. உருவிட்டா நேரா விண்டோஸ். டெஸ்க்டாப், லெகஸி பயாஸ்தான்.
— வாசகர் ஒருத்தர்

பதில்: எந்த ஓஎஸ் வேணும்னு மெனு காட்டி எழுப்புற பூட்லோடர் (லினக்ஸ்ல அதுக்குப் பேரு கிரப்) உங்க பென்டிரைவ்ல போய் உக்காந்திருக்கு. இன்ஸ்டால் பக்கத்துல கடைசில 'பூட்லோடர் எங்க போடணும்'னு ஒரு சின்ன பெட்டி இருக்கும், எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. அங்க முழு ஹார்டு டிஸ்க்கோட பேரு வரணும், பெரும்பாலும் எஸ்டிஏ. எஸ்டிஏ5-ன்னு நம்பரோட இருக்கக் கூடாது, பென்டிரைவோட பேரான எஸ்டிபியாவும் இருக்கக் கூடாது. சில மெஷின்ல இந்தப் பேரு ரெண்டும் இடம் மாறி வரும், அதனால பக்கத்துல இருக்கிற ஜிபி கணக்கைப் பாத்து முடிவு பண்ணுங்க.

சரி பண்றது சுலபம்தான். பென்டிரைவோட பூட் பண்ணி இன்ஸ்டால் ஆன லினக்ஸுக்குள்ள போய், டெர்மினல்ல சுடோ போட்டு கிரப்-இன்ஸ்டால் கமாண்டுக்கு ஹார்டு டிஸ்க் பேரைக் குடுங்க, அப்புறம் அதே மாதிரி அப்டேட்-கிரப். அடுத்த தடவை பென்டிரைவ் இல்லாமலே மெனு வரும்.

கேள்வி: மெனு வருது, அதுல விண்டோஸ் பேரே இல்ல. விண்டோஸ் அழிஞ்சு போச்சா? நெஞ்சு படபடங்குது, ஆபீஸ் ஃபைல் எல்லாம் அதுலதான்.
— வீட்டுலருந்து வேலை பாக்குற வாசகி

பதில்: பதறாதீங்க மேடம். லினக்ஸ்ல ஃபைல் மேனேஜரைத் திறந்து பக்கவாட்டுல விண்டோஸ் டிரைவ் தெரியுதா, உள்ள யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா எல்லாம் பத்திரம்.

2021-ல வந்த கிரப் 2.06-ல இருந்து, பக்கத்துல வேற ஓஎஸ் இருக்கான்னு தேடுற ஓஎஸ்-ப்ரோபரை பாதுகாப்பு காரணம் சொல்லி தானாவே அணைச்சு வெச்சிருக்காங்க. சில டிஸ்ட்ரோல அவங்களே திறந்து விட்டிருப்பாங்க, சிலதுல இல்ல. ஈடிசி ஃபோல்டருக்குள்ள டிஃபால்ட், அதுக்குள்ள கிரப்னு ஒரு ஃபைல் இருக்கு, அதை அட்மினா திறந்து 'கிரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்'ங்கிற வரியை ஃபால்ஸ்னு வைங்க. முன்னாடி ஹேஷ் குறி இருந்தா எடுத்துடுங்க, வரி முழுக்க பெரிய எழுத்து, வார்த்தைக்கு வார்த்தை நடுவுல அண்டர்ஸ்கோர். சேவ் பண்ணி அப்டேட்-கிரப் ஓட்டினா, ஓடும்போதே 'விண்டோஸ் கிடைச்சுது'ங்கிற மாதிரி ஒரு வரி திரைல வரும். அந்த வரி வரலன்னா மேல மாணவிக்கு சொன்ன முறை சோதனையைப் பண்ணிப் பாருங்க.

கேள்வி: லினக்ஸ்ல இருந்து விண்டோஸ் டிரைவ்ல ஃபைல் காப்பி பண்ணா 'ரீட் ஒன்லி'ங்குது. பாக்க முடியுது, எழுத முடியல. ஏன்?
— கல்லூரி மாணவர்

பதில்: விண்டோஸ் 8-ல இருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் தம்பி. ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா படுக்கிறதில்ல, கெர்னலை, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதியை, ஹைபர்னேட் பண்ணி டிஸ்க்ல எழுதி வெச்சிட்டு கண்ணை மூடுது. படிச்சுக்கிட்டிருந்த புஸ்தகத்தை மூடாம கவுத்து வெச்சிட்டுப் போற மாதிரி, அதை இன்னொருத்தன் எடுத்தா பக்கம் போயிடும்ல, அதனாலதான் லினக்ஸ் தொட மாட்டேங்குது. லினக்ஸ் பண்றது சரிதான், அதை மிரட்டி எழுத வைக்கிற கமாண்டு எல்லாம் தேடி ஓட்டாதீங்க.

கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அங்க 'பவர் பட்டன் என்ன செய்யணும்'ங்கிற பக்கம், மேல 'இப்போ மாத்த முடியாத செட்டிங்ஸை மாத்து'ங்கிற லிங்க்கை அமுக்கினா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் தெரியும், எடுத்துடுங்க. பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் ஒரு தடவை எட்டிப் பாருங்க, சில சமயம் டிக் திரும்ப வந்து நிக்கும். அவசரத்துக்கு ஷட்டவுனுக்குப் பதிலா ரீஸ்டார்ட் குடுத்து லினக்ஸுக்குப் போங்க, ரீஸ்டார்ட்ல இந்த வேலை நடக்காது.

கேள்வி: அப்பாவோட பழைய லேப்டாப், ரேம் 1 ஜிபி, ஹார்டு டிஸ்க் 40 ஜிபி, எக்ஸ்பி இருக்கு. எந்த பென்டிரைவ் போட்டாலும் 'இந்த கெர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியு வேணும், இருக்கிறது ஐ686'னு சொல்லி நின்னுடுது. எக்ஸ்பியும் வேணும், லினக்ஸும் வேணும்.
— பேர் போடாத வாசகர்

பதில்: பென்டிரைவ் மேல தப்பில்ல, உங்க ப்ராசஸர் 32 பிட். நீங்க இறக்கினது எல்லாம் 64 பிட். உபுண்டு டெஸ்க்டாப் 17.10-லயே 32 பிட் இன்ஸ்டாலரை விட்டுடுச்சு, உபுண்டு வழி வந்த மின்ட்ல 19.3 தான் கடைசி, டெபியன் கூட 12 வரைக்கும்தான் 32 பிட் இன்ஸ்டாலர் குடுத்துச்சு, 2025 ஆகஸ்ட்ல வந்த 13-ல இல்ல. உங்களுக்குப் பொருத்தம் ஆன்டிஎக்ஸ், இந்த மாதிரி மெஷினுக்குன்னே பண்றாங்க. அதுலயும் பிஏஈங்கிற ப்ராசஸர் வசதி இல்லைன்னு ஒரு மெசேஜ் வந்தா, பென்டியம் எம் ப்ராசஸரா இருக்கலாம். அதுல சிலதுக்கு பிஏஈ உள்ள இருந்தும் வெளில சொல்லிக்காது, பூட் வரில 'ஃபோர்ஸ்பிஏஈ'ன்னு சேத்து முயற்சி பண்ணிப் பாருங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன், 40 ஜிபி டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு எக்ஸ்பியையும் வெச்சு லினக்ஸையும் வெச்சா ரெண்டுக்கும் மூச்சு முட்டும். எக்ஸ்பிக்கு சப்போர்ட் 2014 ஏப்ரல்ல முடிஞ்சாச்சு, அதை நெட்டுல இணைக்கவே கூடாது. அதுல ஓடுற ஏதோ ஒரு பழைய சாஃப்ட்வேர் வேணுமா, அப்போ நெட் இல்லாம அதை மட்டும் வெச்சுக்கோங்க. இல்லன்னா டிஸ்க் முழுசையும் லினக்ஸுக்குக் குடுங்க. எதைப் போட்டாலும் 1 ஜிபி ரேம்ல ப்ரவுசர்ல மூணு டேப் திறந்தா மெஷின் திணறும், அதுக்கு எந்த டிஸ்ட்ரோவும் மருந்து கிடையாது.

கேள்வி: இன்ஸ்டால் தேர்ந்தெடுத்ததும் கறுப்புத் திரை. ஃபேன் ஓடுது, ஹார்டு டிஸ்க் லைட் மினுக்குது, திரைல ஒண்ணுமில்ல. பழைய என்விடியா கார்டு.
— டெஸ்க்டாப் வாசகர்

பதில்: பென்டிரைவோட முதல் மெனு வந்ததும் என்டர் தட்டாம ஈ எழுத்தை அமுக்குங்க. லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரில 'கொயட் ஸ்ப்ளாஷ்'க்குப் பக்கத்துல ஒரு இடம் விட்டு 'நோமோட்செட்'னு சேத்து எழுதி எஃப்10. திரை கொஞ்சம் மங்கலா, பெருசு பெருசா வரும், இன்ஸ்டால் பண்ண அது போதும். இன்ஸ்டால் ஆனதும் முதல் பூட்லயும் இதே வேலையை ஒரு தடவை பண்ண வேண்டி வரலாம். அந்தக் கார்டுக்கு கம்பெனி டிரைவர் தேடி அலையாதீங்க, 340 டிரைவர் வரிசைக்கு 2019-ஓடயும் 390-க்கு 2022-ஓடயும் சப்போர்ட்டை முடிச்சிட்டாங்க, புது கெர்னல்ல அது ஒட்டாது. லினக்ஸோட கூடவே வர்ற நூவோங்கிற டிரைவரே இருக்கட்டும்.

கேள்வி: இன்ஸ்டாலர்ல என் ஹார்டு டிஸ்க்கே காட்டல, பென்டிரைவ் மட்டும்தான் தெரியுது. பயாஸ்ல சாட்டா மோட் 'ரெய்டு'ன்னு இருக்கு, 'ஏஹெச்சிஐ'ன்னு மாத்தினா லினக்ஸுக்குத் தெரியுது, ஆனா விண்டோஸ் நீலத் திரை காட்டி விழுந்துடுது. திரும்ப மாத்தினா விண்டோஸ் ஓகே.
— வாசகர்

பதில்: ரெய்டு, ஏஹெச்சிஐ ரெண்டும் மெஷின் ஹார்டு டிஸ்க்கோட பேசுற முறைகள், அதை விண்டோஸுக்கு சொல்லாம மாத்தினதுதான் காரணம். இப்போ ரெய்டுலயே விண்டோஸுக்குள்ள போங்க. எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்துல 'சேஃப் பூட்' டிக் பண்ணி மினிமல் குடுத்து ரீஸ்டார்ட், ஏறும்போதே பயாஸுக்குள்ள போய் ஏஹெச்சிஐக்கு மாத்துங்க. விண்டோஸ் சேஃப் மோட்ல எழுந்து தேவையான டிரைவரை அதுவே பிடிச்சுக்கும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக்ல அந்த டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட், முடிஞ்சுது. தொடங்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பிட்லாக்கர்ங்கிற விண்டோஸ் டிஸ்க் பூட்டு போட்டிருந்தா அதை நிறுத்தி வெச்சு ரெக்கவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, பயாஸ்ல கை வெச்சா அந்தக் கீயைக் கேக்கும். இன்னொண்ணு, நிஜமாவே ரெண்டு டிஸ்க்கை ரெய்டா சேத்து வெச்சிருக்கிற மெஷின்னா இதைத் தொடவே தொடாதீங்க.

கேள்வி: லினக்ஸ்ல இருந்து விண்டோஸ் போனா மணி தப்பா காட்டுது. பேட்டரி போச்சா?
— வாசகி

பதில்: ஒவ்வொரு தடவையும் அதே சில மணி நேரம்தான் தள்ளிப் போகுதுன்னா பேட்டரி இல்லீங்க. விண்டோஸ் உள் கடிகாரத்துல ஊர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்தை வைக்கும், ரெண்டும் மாத்தி மாத்தி திருத்திக்கிட்டிருக்கு. லினக்ஸ் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல், செட்-லோக்கல்-ஆர்டிசி, 1-ன்னு மூணையும் இடம் விட்டு குடுத்தா லினக்ஸ் விட்டுக் குடுத்துடும். தேதியே பல வருஷம் பின்னாடி போய், பயாஸ்ல நீங்க மாத்தின பூட் ஆர்டரும் மறந்து போகுதுன்னாதான் பேட்டரி. டெஸ்க்டாப்ல பெரும்பாலும் சிஆர்2032, வட்டமா 3 வோல்ட். அதை மாத்தாம இன்ஸ்டால்ல இறங்காதீங்க, தேதி தப்பா இருந்தா அப்டேட் சர்வர் எல்லாம் சர்டிஃபிகேட் சரியில்லைன்னு கதவை சாத்தும்.

கேள்வி: லினக்ஸ் வேண்டாம்னு விண்டோஸ்ல போய் அந்த பார்ட்டிஷனை அழிச்சேன். இப்போ ஆன் பண்ணா 'நோ சச் பார்ட்டிஷன், கிரப் ரெஸ்க்யூ'ன்னு கறுப்புத் திரைல நிக்குது, விண்டோஸும் வரல. லெகஸி பயாஸ்.
— அவசரத்துல இருக்கிற வாசகர்

பதில்: வாசல்ல நிக்கிற கிரப்போட ஆரம்பத் துண்டு மட்டும் டிஸ்க்கோட முதல் செக்டர்ல இருக்கு, அது தேடுற மீதி எல்லாம் நீங்க அழிச்ச பார்ட்டிஷன்ல இருந்துச்சு. விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகல. வேற கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் ஒண்ணு பண்ணி அதுல பூட் பண்ணுங்க, 'இப்போ இன்ஸ்டால் பண்ணு'ங்கிற பட்டனைத் தொடாம கீழ ஓரத்துல 'ரிப்பேர்' இருக்கும், அதுல போய் கமாண்ட் ப்ராம்ப்ட். பூட்ரெக், ஒரு இடம், ஸ்லாஷ் ஃபிக்ஸ்எம்பிஆர். வேலை சரியா முடிஞ்சுதுன்னு ஒரு வரி வரும். பென்டிரைவை உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸ் வந்துடும். படிக்கிற மத்தவங்க லினக்ஸை எடுக்கணும்னா முதல்ல இந்த ஃபிக்ஸ்எம்பிஆர், அது ஓடி விண்டோஸ் தானா பூட் ஆகுதுன்னு பாத்ததுக்கு அப்புறம் பார்ட்டிஷன். யூஈஎஃப்ஐ மெஷின்ல இந்தக் கமாண்டு வேண்டாம், பூட் ஆர்டர்ல விண்டோஸை மேல ஏத்தினாலே சரியாயிடும்.